கஞ்சாச் செடி வைரஸைத் தடுக்குமா? மனிதரில் சோதித்துச் சொல்லுங்கள்: ஐ.சி.எம்.ஆருக்கும் ஆயுஷ் அமைச்சகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத் (ஐ.சி.எம்.ஆர்.) தலைமை இயக்குநர் அவர்களுக்கும், ஆயுஷ் அமைச்சகச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். நான் தேனி மாவட்டத்தில் ஒரு மருந்துக்கடையில் 19 வருஷமாக பார்மசிஸ்டாக இருக்கிறேன். சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுப்பது, எதை எதோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்று சொல்லி அனுப்புவது, இதுதான் என் வேலை. கஞ்சாச் செடியில் இருக்கிற சில பொருட்கள் வைரஸ் தொற்றைத் தடுக்குமா என்ற கேள்வியை நானாகத் தேடிப் போகவில்லை. ஒரு மழை நாளில் அது கடை வாசல்படி ஏறி வந்தது.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம். மாசாமாசம் எங்கள் கடைக்கு வருகிற பெரியவர் ஒருவர் வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இதயத்தில் உலோக வால்வு வைத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதனால் ரத்தம் உறையாமல் இருக்க தினமும் வார்ஃபரின் மாத்திரை போட்டே ஆகவேண்டியவர். வந்ததும் "என்ன தாயி, சௌக்கியமா?" என்று சத்தமாகக் கேட்பார். அன்றைக்கு வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு நின்றார். நாலு நாளாகப் பல் தேய்த்தால் ரத்தம் நிற்க மாட்டேன் என்கிறது, ஈறுக்கு ஏதாவது கொடு என்றார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்ததால் முழங்கைக்குக் கீழே கன்றிப்போன நீலத் திட்டு இரண்டு தெரிந்தது, ஒன்று உள்ளங்கை அகலம் இருக்கும். எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லையாம். "புதுசா ஏதாச்சும் சாப்பிடுறீங்களாய்யா?" என்று கேட்டேன். மாத்திரை எதுவும் புதுசா இல்லை தாயி என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு மஞ்சப்பைக்குள் கையை விட்டு ஒரு சின்னக் கறுப்பு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். மூடியிலேயே சொட்டு விடும் குழாய் வைத்த பாட்டில். பெங்களூரில் வேலை பார்க்கிற மகன் அனுப்பியதாம். டெங்கு சுற்றிக்கொண்டிருக்கிறது, கொரோனாவும் திரும்பி வருகிறது என்கிறார்கள், எதிர்ப்புச் சக்திக்கு நல்லது, நாக்குக்கு அடியில் காலையும் ராத்திரியும் விட்டுக்கொள்ளுங்கள் அப்பா என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். மூன்று வாரமாக விட்டுக்கொள்கிறார்.

விஜயா இலைச் சாறு, சி.பி.டி. நிறைந்தது என்று லேபிளில் போட்டிருந்தது. விஜயா என்பது ஆயுர்வேதத்தில் கஞ்சாச் செடிக்குப் பெயர். சி.பி.டி. என்பது அந்தச் செடியில் இருக்கிற, போதை தராத ஒரு பொருள். அது பெரியவருக்குத் தெரியாது, ஏதோ மூலிகை எண்ணெய் என்றே நினைத்திருக்கிறார். ஒரு சொட்டில் எத்தனை மில்லிகிராம் சி.பி.டி. இருக்கிறது என்பது எங்கேயும் இல்லை. பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளில், கொரோனா வைரஸ் உடலுக்குள் நுழைவதை இந்தச் செடி தடுக்கிறது என்று அமெரிக்க ஆய்வில் நிரூபிக்கப்பட்டதாக நல்ல பெரிய எழுத்தில் இருந்தது. அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது என்று ஒரு வரி, சின்ன எழுத்திலாவது இருக்குமா என்று தேடினேன். இல்லை. வார்ஃபரினை உடைத்து வெளியேற்றுகிற அதே கல்லீரல் நொதியைத்தான் சி.பி.டி. மந்தப்படுத்துகிறது. மாத்திரையின் அளவு மாறாது, ஆனால் ரத்தத்தில் அதன் வேகம் ஏறிக்கொண்டே போகும்.

ஆட்டோ பிடித்து அவரை டாக்டரிடம் அனுப்பினேன். ரத்தம் உறைய எவ்வளவு தாமதம் ஆகிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். 6.2 என்று வந்தது. அவர் மாதிரி வால்வு வைத்தவருக்கு 2.5-லிருந்து 3.5-க்குள் நிற்க வேண்டிய கணக்கு அது. இரண்டு நாள் படுக்க வைத்து வைட்டமின் கே கொடுத்து, எண்ணெயை நிறுத்தச் சொல்லி, ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தார். மூளையில் கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் மனைவி என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அன்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு, அந்தத் துண்டுத்தாள் சொன்ன அமெரிக்க ஆய்வு என்னதான் சொல்கிறது என்று படிக்க உட்கார்ந்தேன். அப்புறம் பல ராத்திரி அதிலேயே போனது. படித்ததை உங்களுக்கு எழுதுவது உங்களுக்குத் தெரியாது என்பதற்காக இல்லை. தெரிந்த நீங்கள் ஏன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்பதற்காக.

அந்த ஆய்வு உண்மையானது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 ஜனவரியில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் வான் பிரீமன் என்பவரின் குழு வெளியிட்டது. போதை தராத ஹெம்ப் ரகத்தின் சாற்றை எடுத்து, கொரோனா வைரஸின் மேலே முள்போல நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்பைக் புரதத்தைக் காந்த மணிகளில் ஒட்டி அந்தச் சாற்றுக்குள் விட்டிருக்கிறார்கள். ஆற்றில் தூண்டில் போடுகிற மாதிரிதான், எந்தெந்தப் பொருள் அந்தப் புரதத்தில் போய்க் கடிக்கிறது என்று பார்ப்பது. சி.பி.டி.ஏ., சி.பி.ஜி.ஏ. என்ற இரண்டு அமிலங்கள் நன்றாகக் கடித்தன. பிறகு உயிருள்ள வைரஸை வைத்துப் பார்த்தபோது, ஆய்வகத்தில் வளர்த்த செல்லுக்குள் வைரஸ் நுழைவதை அவை தடுத்தன. ஆல்ஃபா, பீட்டா என்று அப்போது சுற்றிக்கொண்டிருந்த உருமாறிய வகைகளிலும் அப்படியே நடந்தது. அருமையான வேலை. எனக்குப் படிக்கப் படிக்க ஆசையாக இருந்தது. ஆனால் மனிதர் ஒருவருக்குக்கூட அதில் ஒரு சொட்டும் கொடுக்கப்படவில்லை. எல்லாம் தட்டில் வளர்த்த செல்லில் நடந்தது.

இன்னொன்று. அந்த அமிலங்கள் இருப்பது பச்சைச் செடியில். சூடு பட்டால் சி.பி.டி.ஏ. சி.பி.டி.யாக மாறிவிடும், சி.பி.ஜி.ஏ. சி.பி.ஜி.யாக மாறிவிடும். பற்றவைத்துப் புகைத்தால் ஓரிகன் ஆய்வு பேசுகிற பொருள் நெருப்பிலேயே போய்விடுகிறது. காய்ச்சி எடுத்த எண்ணெயிலும் அதே கதைதான். பெரியவரின் பாட்டிலில் சி.பி.டி. என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள், துண்டுத்தாளில் மேற்கோள் காட்டியதோ சி.பி.டி.ஏ. பற்றிய ஆய்வை. ஒரு எழுத்துதான் வித்தியாசம், கடைசியில் ஒரு 'ஏ'. மருந்துக்கடையில் ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று எங்களைக் கேட்டால் தெரியும், பெயர் ஒன்றுபோல இருக்கிற இரண்டு மாத்திரையை ஒரே தட்டில் அடுக்கவே மாட்டோம்.

சரி, சி.பி.டி.க்குத் தனியாக ஆய்வு இல்லையா என்றால் இருக்கிறது. அதே 2022 ஜனவரியில், பத்து நாள் கழித்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் மார்ஷா ரோஸ்னரின் குழு ஒன்றை வெளியிட்டது. அவர்கள் பார்த்ததில் சி.பி.டி. வைரஸ் நுழைவதைத் தடுக்கவில்லை, நுழைந்த பிறகு அது செல்லுக்குள் பெருகுவதைத் தடுத்தது. செல்லின் சொந்தப் பாதுகாப்பான இன்டர்ஃபெரான் வேலையைத் தூண்டிவிட்டு அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். எனக்குத் தூக்கம் போன இடம் இதற்கு அடுத்தது. ஓரிகனில் நன்றாக வேலை செய்த சி.பி.டி.ஏ., சிகாகோ சோதனையில் அப்படி வேலை செய்யவில்லை. போதை தருகிற டி.எச்.சி.யும் செய்யவில்லை. அதுமட்டுமில்லை, சி.பி.டி.யோடு சம அளவு டி.எச்.சி. சேர்த்தபோது சி.பி.டி.யின் பலனே குறைந்துபோனது. இரண்டு குழுவும் வைரஸின் பயணத்தில் வேறு வேறு இடத்தில் நின்று பார்த்தவர்கள், அதனால் இதில் யார் பொய் என்ற பேச்சே இல்லை. ஆனால் இலையையும் தண்டையும் மொத்தமாக அரைத்து ஒரு பாட்டிலில் ஊற்றி, இரண்டு ஆய்வும் எங்களுக்குத்தான் சாட்சி என்று சொல்லி விற்க எவருக்கும் உரிமை கிடையாது. கடைகளில் விற்கிற சி.பி.டி. தின்பண்டங்களைச் சாப்பிட்டுவிட்டு இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்காதீர்கள் என்று சிகாகோ குழுவே அப்போது எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை மட்டும் எந்தத் துண்டுத்தாளிலும் காணோம்.

தட்டில் ஜெயித்த மருந்து உடம்பில் தோற்பது உங்களுக்குப் புதிதா என்ன? 2020 மார்ச்சில் ஐ.சி.எம்.ஆர். மருத்துவப் பணியாளர்களுக்கு ஹைட்ராக்ஸி குளோரோகுயினை முன்தடுப்பாகப் பரிந்துரைத்தபோது நான் கடையில் நின்றேன். ஒரே வாரத்தில் பெட்டி காலி. மூட்டுவாதத்துக்கும் லூபஸுக்கும் வருஷக்கணக்கில் அதைச் சாப்பிட்டு வந்த பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள், "எங்கேயாச்சும் ஒரு அட்டை கிடைக்குமா அக்கா?" என்று கேட்பார்கள், என்னிடம் ஒரு மாத்திரை இருக்காது. விரல் மடக்க முடியாமல் இருந்த ஒரு அம்மா, பர்ஸைத் திறக்க முடியாமல் என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த மருந்துக்கும் முதலில் ஆதாரமாக இருந்தது குரங்கின் சிறுநீரகச் செல்லில் செய்த சோதனைதான். மனித நுரையீரல் செல்லில் வைத்துப் பார்த்தபோது குளோரோகுயின் வைரஸைத் தடுக்கவில்லை என்று 2020 ஜூலையில் தெரிந்தது. அதற்கு முந்தின மாதமே பிரிட்டனின் ரெகவரி சோதனை, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அதனால் பலனில்லை என்று சொல்லிவிட்டது.

கஞ்சாப் பொருளிலும் மனிதரில் செய்த சோதனை ஒன்று உண்டு. பிரேசிலில், ரிபெய்ராவ் பிரெட்டோ நகரில், சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்துக் குழு செய்தது. லேசான, நடுத்தரக் கொரோனா இருந்த 105 பேர். ஒரு பாதிக்கு தினம் 300 மில்லிகிராம் சுத்தமான சி.பி.டி., மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெற்று எண்ணெய், யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது வாங்குபவருக்கும் தெரியாது, 14 நாள். நோய் முற்றுவதை சி.பி.டி. தடுக்கவில்லை. அந்த ஒரு சோதனையோடு விஷயம் முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். 105 பேர் சின்ன எண்ணிக்கை, அதோடு அவர்களுக்கு ஏற்கெனவே தொற்று வந்துவிட்டது, வருவதற்கு முன்னால் கொடுத்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. பச்சை அமிலங்களை அங்கே சோதிக்கவும் இல்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் முறையாக மனிதரில் பார்த்ததற்கு நம் கையில் இருக்கிற ஒரு பதில் இது, துண்டுத்தாளில் இதுவும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் பேசாமல் விட்டால் நானும் அந்தத் துண்டுத்தாள் எழுதியவர் மாதிரி ஆகிவிடுவேன். டி.எச்.சி. எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் அடக்கி வைக்கிற பொருள். இன்ஃபுளுயன்சா வைரஸ் கொடுத்த எலிகளுக்கு டி.எச்.சி.யும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், நுரையீரலில் வைரஸின் சுவடு குறையாமல் கூடியது, எதிர்த்துப் போராட வரவேண்டிய செல்கள் குறைவாக வந்தன. 2024-ல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 72,501 கொரோனா நோயாளிகளின் பதிவுகளை வைத்துப் பார்த்தார்கள். கஞ்சா பயன்படுத்தியவர்கள் மருத்துவமனையில் சேர வேண்டி வந்த வாய்ப்பு 80 சதவீதம் கூடுதல், தீவிர சிகிச்சைக்குப் போன வாய்ப்பு 27 சதவீதம் கூடுதல். பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் கஞ்சாதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தடுப்பு மருந்து என்று சொல்லி வாயில் வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்க வைக்கிற எண்கள்.

அதே சமயம் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இந்தச் செடி உதவியிருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. பசியே இல்லாமல் எலும்பும் தோலுமாகக் கரைந்துகொண்டிருந்தவர்களுக்கு, டி.எச்.சி.யை ஆய்வகத்தில் செய்து மாத்திரையாக்கிய டிரோனபினாலை 1992-ல் அமெரிக்கா அனுமதித்தது. அது எச்.ஐ.வி. வைரஸைக் கொல்லவில்லை, சாப்பிட வைத்தது. அதுவே அவர்களுக்குப் பெரிய விஷயம். 2003-ல் சான் பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஏப்ராம்ஸ் குழு 21 நாள் பார்த்துவிட்டு, ரத்தத்தில் வைரஸின் அளவை அது மோசமாக்கவும் இல்லை என்று சொன்னது.

இதற்கெல்லாம் முன்னால் நம் நாட்டிலேயே ஒருவர் இதைச் செய்து பார்த்திருக்கிறார். 1839-ல் கல்கத்தாவில் வில்லியம் புரூக் ஓஷானசி என்ற டாக்டர், முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு நோயாளிகளுக்குக் கஞ்சாச் சாற்றைக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தார். அவரிடம் வந்தவர்களில் ஒருவர் வெறிநாய் கடித்தவர். ரேபிஸ் ஒரு வைரஸ் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தண்ணீரைப் பார்த்தாலே துடிக்கிற நிலையில் இருந்த அந்த மனிதர், மருந்து கொடுத்த பிறகு துடிப்பு அடங்கி, கொஞ்சம் விழுங்கவும் முடிந்தது. ஆனால் சில நாளில் இறந்துபோனார். வேதனை குறைந்தது, உயிர் பிழைக்கவில்லை என்று இரண்டையும் ஓஷானசி எழுதினார். அந்த நேர்மையை நான் 185 வருஷம் கழித்து ஒரு மருந்துத் துண்டுத்தாளில் எதிர்பார்ப்பது பேராசையா?

எங்கள் பக்கத்தில் இது எவ்வளவு சிக்கலான பேச்சு என்று டெல்லியில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டும். கம்பம், தேனி என்றாலே கஞ்சாவைச் சேர்த்துப் பேசுகிற ஊர்ப்பெயர் எங்களுக்கு ஏற்கெனவே உண்டு. அந்த அமெரிக்கச் செய்தி வந்த அதே 2022-ல், மார்ச் கடைசியில், தமிழ்நாடு போலீஸ் 'கஞ்சா வேட்டை 2.0' என்று இறங்கியது. ஒரு பக்கம் போலீஸ் வண்டி, மறு பக்கம் கஞ்சா கொரோனாவைத் தடுக்கிறது என்று வாட்ஸ்அப் செய்தி. எதிர்வீட்டுப் பையன், பாலிடெக்னிக் படிக்கிறவன், "அக்கா, டாக்டர்களே சொல்லிட்டாங்களாமே, அடிச்சா கொரோனா வராதாமே?" என்று என்னிடம் கேட்டான். பற்றவைத்தால் அந்தப் பொருளே எரிந்துபோகும்டா தம்பி என்று சொன்னேன். அவன் நம்பவில்லை, எந்த டாக்டர் தமிழில் அப்படிச் சொன்னார், காட்டுங்கள் என்றான். காட்ட என்னிடம் எதுவும் இல்லை. தமிழில் நீங்கள் ஒரு பக்கம்கூட எழுதி வைக்கவில்லை.

சட்டம் தடையாக இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூவும் காயும் உள்ள நுனிகளை. நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது, அந்த வழியாகத்தான் விஜயா இலை எண்ணெய்கள் ஆயுர்வேத உரிமத்தில் கடைக்கு வருகின்றன. மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் அதே சட்டம் வழி விட்டிருக்கிறது. ஜம்முவில் மத்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் ஐ.ஐ.ஐ.எம். நிறுவனம் உரிமம் வாங்கி ஆய்வுக்காகவே கஞ்சா வளர்க்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிக ஆபத்தான நாலாவது பட்டியலிலிருந்து எடுத்தபோது 27 நாடுகள் ஆதரித்தன, 25 எதிர்த்தன, அந்த 27-ல் இந்தியாவும் ஒன்று. மருத்துவப் பயன் இருக்கலாம் என்று உலகத்தின் முன்னால் கை தூக்கிவிட்டு, இருக்கிறதா என்று வீட்டுக்குள் பார்க்காமல் இருப்பது சரியில்லை.

உங்களால் செய்ய முடியும் என்பதும் எனக்குத் தெரியும், அதுதான் இந்த மடலுக்கே தைரியம். 2020-ல் நாடு முழுக்க கொரோனாவில் இருந்து குணமானவர்களின் பிளாஸ்மாவுக்கு அலைந்தபோது, ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து பிளாசிட் என்ற சோதனையை நடத்தியது. எல்லோரும் பிளாஸ்மா உயிர் காக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த நேரத்தில், நோய் முற்றுவதையும் சாவையும் அது குறைக்கவில்லை என்று நீங்கள் ஒளிக்காமல் வெளியிட்டீர்கள். உலகமே அதைப் படித்தது. எங்களைப் போல கடையில் நிற்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பிடிமானம் தெரியுமா? கேட்டு வந்தவர்களிடம் "நம்ம நாட்டிலேயே பார்த்துட்டாங்கம்மா" என்று சொல்ல முடிந்தது. ஆயுஷ் அமைச்சகமும் 2020 ஏப்ரல் 1-ல், கொரோனாவைக் குணப்படுத்துவதாக ஆயுஷ் மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதை நிறுத்தச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. 2023-ல் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஆராய்ச்சி செய்ய ஒப்பந்தமும் போட்டிருக்கிறீர்கள்.

அப்படியென்றால் இந்தச் செடியில் அதைச் செய்து காட்டுங்கள். சூடு படாமல் எடுத்த சி.பி.டி.ஏ.வும் சி.பி.ஜி.ஏ.வும் வாய் வழியாகப் போனால் ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது, தட்டில் வைரஸைத் தடுத்த அளவை எட்டுகிறதா, முதலில் அதைச் சில ஆரோக்கியமான ஆட்களில் பாருங்கள். எட்டவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு அதையே எழுதி வெளியிடுங்கள், அதுவே எங்களுக்குப் பெரிய உபகாரம். எட்டுகிறது என்றால் பிளாசிட் மாதிரி பல மருத்துவமனைகளில், சென்னை, மதுரை ஆஸ்பத்திரிகளையும் சேர்த்து, வெற்று எண்ணெயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கல்லீரலைக் கண்காணியுங்கள், ஏனென்றால் வலிப்புக்கு 2018-ல் அமெரிக்கா அனுமதித்த சி.பி.டி. மருந்திலேயே கல்லீரல் நொதிகளைச் சோதிக்கச் சொல்லி எச்சரிக்கை இருக்கிறது. கொரோனா மட்டும் என்று நிற்க வேண்டாம், எங்கள் ஊரில் வருஷா வருஷம் படுக்க வைப்பது டெங்கு. ரத்தத் தட்டணு குறைகிற அந்தக் காய்ச்சலில் இந்த எண்ணெய் நல்லது செய்யுமா கெட்டது செய்யுமா என்று யாராவது தட்டிலாவது பார்க்கட்டும், அதற்குள் டெங்குவுக்கும் நல்லது என்று விற்பதை நிறுத்துங்கள்.

விற்பதைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தவறான எண்ணம் கொடுக்கிற மருந்து விளம்பரத்தைத் தடுக்க 1954-லேயே சட்டம் இருக்கிறது, அதன் 4-வது பிரிவு இதற்காகவே எழுதியது மாதிரி இருக்கிறது. மனிதரில் நிரூபிக்கப்படாத வரை, எந்த விஜயா பாட்டிலின் மேலேயும் உள்ளேயும் வைரஸ் என்ற சொல் வரக் கூடாது என்று உத்தரவு போடுங்கள். ஒரு மில்லியில் எவ்வளவு சி.பி.டி., எவ்வளவு டி.எச்.சி. என்று போட வையுங்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், வலிப்புக்கு குளோபசாம் சாப்பிடுகிறவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது என்று அந்தந்த மாநில மொழியில், படிக்கிற அளவு எழுத்தில் போட வையுங்கள். இந்த எண்ணெய்க்காக டாக்டர் வீடியோவில் பத்து நிமிஷம் பேசிவிட்டு எழுதித் தருகிற சீட்டில், நோயாளி வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டதற்கு ஒரு கட்டம் இருக்கட்டும். பெரியவரிடம் அதை யாருமே கேட்கவில்லை. அவர் மகன் படித்தவன், நல்ல பிள்ளை, அப்பா மேல் இருக்கிற அக்கறையில்தான் வாங்கி அனுப்பினான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, போனில் அழுதான்.

அந்தக் கறுப்பு பாட்டில் இப்போதும் என் கடை இழுப்பறையில் இருக்கிறது, முக்கால்வாசி எண்ணெயோடு. முகவரி சொன்னால் பார்சலில் அனுப்பி வைக்கிறேன், துண்டுத்தாளையும் சேர்த்து. உள்ளே என்ன இருக்கிறது என்று உங்கள் ஆய்வகத்தில் பார்த்து எனக்கு நாலு வரி எழுதுங்கள், தமிழில் இருந்தால் நல்லது. பெரியவர் ஒவ்வொரு மாசமும் ஐந்தாம் தேதிவாக்கில் மாத்திரை வாங்க வருவார், வரும்போதெல்லாம் அதைப் பற்றிக் கேட்கிறார்.

இப்படிக்கு,
தேனி மாவட்டத்திலிருந்து ஒரு மருந்துக்கடைப் பெண்